நெல்லையப்பர் தூண்ல இருக்கிற சூட்சுமம்... உங்க பால்கனியில அஞ்சு குழாயில!

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துக்குப் போனா, அந்த இசைத்தூண்களை ஒரு தட்டு தட்டிப் பார்க்காம வர யாருக்கும் மனசு வராது. ஒரே கல்லில் செதுக்கிய பெரிய தூண், அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம். இப்போ ரீல்ஸுக்காகச் சாவி, நாணயம் கொண்டு தட்டுறவங்களும் உண்டு. தயவுசெஞ்சு வேண்டாம். ஹம்பி விட்டலர் கோயில் தூண்கள் இப்படித் தட்டித் தட்டியே பாழாகி, அங்கே தட்டவே தடை போட்டுட்டாங்க.

அந்தச் சத்தம்தான் வேணும்னா வீட்டிலேயே செய்யலாம். ஹம்பி தூண்களை ஆராய்ந்த கல்பாக்கம் விஞ்ஞானிகள், தட்டும்போது தூண் வில்லைப்போல லேசாக வளைந்து அதிர்வதால்தான் சுரம் பிறக்கிறது என்கிறார்கள். காற்றில் ஆடும் உலோகக் குழாயும் அப்படியேதான் அதிர்கிறது. தூணுக்கு இரண்டு முனையும் கல்லோடு கட்டு; குழாய்க்கு இரண்டு முனையும் சும்மா. ஆனாலும் ரெண்டுக்கும் ஒரே கணக்கு. நீளம் பாதியானால் சுருதி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு ஏறும். புல்லாங்குழல் கணக்கை இங்கே போட்டால் எல்லாமே அபஸ்வரம்தான்.

ஹார்டுவேர் கடையில் 25 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. தடிமனுள்ள அலுமினியக் குழாய் 10 அடி வாங்குங்க. துரு பிடிக்காது, ஹாக்ஸா பிளேடுக்கே அறுபடும். பி.வி.சி. பக்கம் போகாதீங்க, 'டொக்'னு முடிஞ்சுடும். மோகன ராகத்தின் அஞ்சு சுரத்துக்கு நீளம் இது: ச 60 செ.மீ., ரி 56.6, க 53.7, ப 49, த 46.5. ஏன் மோகனம்? அதில் அரைச்சுர நெருக்கம் எங்கேயும் இல்லை. காத்து எந்த ரெண்டு குழாயை மோதவிட்டாலும் காது உறுத்தாது. 60 செ.மீ. குழாய் ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸில் பாடும்.

அளவில் 5 மி.மீ. பிசகினாலே அரைச்சுரத்தில் மூணில் ஒரு பங்கு நகர்ந்துடும். அதனால ஒரு மி.மீ. கூடுதலா அறுத்து, போன்ல ட்யூனர் ஆப்பைத் திறந்து வெச்சு, அரத்தால் ராவி ராவி சுருதியை ஏத்துங்க. குறைச்சதை ஒட்ட முடியாது!

பெரும்பாலான வீட்டு மணிகள் ஊமையாப் போறது தொங்கவிடுற இடத்தாலதான். நுனியில் ஓட்டை போட்டுக் கட்டினால், அதிகமா ஆடவேண்டிய இடத்தையே கயிறு பிடிச்சு அமுக்கிடும். குழாய் அதிரும்போது அசையாம நிக்கிற இடங்கள் ரெண்டுதான். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி. 60 செ.மீ. குழாய்க்கு 13.4, 49-க்கு 11. சந்தேகமா? அந்த இடத்தை ரெண்டு விரலால் லேசாப் பிடிச்சுத் தட்டுங்க, ரீங்காரம் நீளும். நுனியைப் பிடிச்சுத் தட்டுங்க, செத்துடும். ஒரு பக்கத்து இடத்தில் மட்டும் 3 மி.மீ. ஓட்டையைக் குறுக்கே போட்டு, விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிடுங்க. இல்லைன்னா அது நைலான் நரம்பை அறுத்துடும்.

மேலே 18 செ.மீ. அகல மரப்பலகை. அதில் 15-16 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அஞ்சு குழாயையும் சம இடைவெளியில் கட்டுங்க. எல்லாக் குழாயின் நடுப்பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்கணும். அதுக்குக் குட்டைக் குழாயின் கயிறு கொஞ்சம் நீளமா இருக்கும். நடுவில் தட்டுவதற்கு நம்ம ஊர் சிரட்டையை மிஞ்சினது இல்லை. 9 செ.மீ. அகலச் சிரட்டையின் விளிம்பு, குழாய்களின் நடு மட்டத்தில் தொங்கினால் போதும். அங்கே அடிச்சாதான் முழுச்சுரமும் எழும். உலோகத்தால் அடிச்சா கிணுகிணுப்பு மட்டும்தான். அதே கயிறு குழாய்களுக்குக் கீழே இறங்கி, ஒரு கை அகலப் பனையோலையில் முடியட்டும். காத்தைப் பிடிக்கிறது அதுதான். ஓலை பெருசானா மெல்லிய காத்துக்கும் பாடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேற்குக் காத்து நெல்லையில் சும்மா இருக்க விடாது. மேற்குப் பக்கம் மாட்டினா மணி பாடிக்கிட்டே இருக்கும். அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக்காத்தில் அது பாட்டு இல்லை, சண்டை. அந்த ரெண்டு மாசம் கிழக்குப் பக்கம் மாத்துங்க. ராத்திரி படுக்கும்போது ஓலையைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டு போட்டுடுங்க, எதிர்வீட்டு ஆச்சி தூங்கணும்ல!