மலேசிய மருந்துச் சந்தை

மலேசிய மருந்துத் தொழிலின் முக்கிய மையம் கிள்ளான் பள்ளத்தாக்கு. அரசாங்க மருத்துவமனைகளுக்கு 1994 முதல் மருந்து விநியோகிக்கும் ஃபார்மநியாகாவின் தலைமையகம் ஷா ஆலமில் உள்ளது. டுவோஃபார்மா என்ற மருந்து நிறுவனம் கிள்ளானில் இயங்குகிறது.

மலேசியாவில் விற்கும் மருந்துப் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். எண்ணைத் தொடரும் எழுத்து ‘ஏ’ என்றால் கட்டுப்பாட்டு மருந்து, ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. வாங்குவோர் இதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மருந்துத் தேவையைக் கூட்டுபவை நாட்பட்ட நோய்கள். 2023 தேசிய ஆய்வின்படி வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டி அரசாங்க கிளினிக்கில் மாத்திரை பெறுவதால், செலவின் பாரம் அரசின் தலையில் விழுகிறது.

இத்துறையின் துணிச்சலான முடிவு 2017இல் வந்தது. கல்லீரல் அழற்சி ‘சி’க்கான சோஃபோஸ்புவிர் மருந்தின் விலை எட்டாக்கனியாக இருந்தபோது, அரசாங்கம் 1983 காப்புரிமைச் சட்டத்தின்கீழ், உரிமையாளரின் சம்மதமின்றியே மலிவுப் பதிப்பைத் தருவிக்க வழிசெய்தது. அதனுடன் சேர்த்துக் கொடுக்கும் ராவிடாஸ்விர் 2021இல் இங்கு பதிவானது.

தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுப்பார். முன்பு மருந்தின் விலை தனியாகத் தெரியாமல் இருந்தது. 2025 மே 1 முதல் கிளினிக்குகளும் மருந்தகங்களும் விலையைக் காட்சிக்கு வைப்பது கட்டாயமானது. மருத்துவர்கள் புத்ராஜெயாவில் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் விலையை அறிவது நோயாளிகளுக்கு வெகுநாளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய உரிமை.