நாற்றத்திலிருந்து நறுமணத்துக்கு: வீட்டு மெழுகுவர்த்தியின் வரலாறு

கண்ணாடிக் குவளையில் மெழுகை வார்த்து, நறுமண எண்ணெய் கலந்து, வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்யும் இன்றைய வழக்கம், நாற்றத்தோடு மனிதர் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாகும். ஐரோப்பாவின் எளிய குடும்பங்கள் ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கி, அதில் திரியைத் திரும்பத் திரும்பத் தோய்த்து எடுத்த கொழுப்பு வர்த்திகளையே பல நூற்றாண்டுகள் எரித்தன. அவை புகைந்தும் ஒழுகியும் அறையெங்கும் பொசுங்கல் நாற்றத்தைப் பரப்பியதோடு, கருகிய திரி நுனியை அடிக்கடி கத்தரிக்கும் வேலையையும் வைத்தன. தூய ஒளியும் இனிய மணமும் தந்த தேன்மெழுகு, விலையின் காரணமாகத் தேவாலயங்களையும் செல்வர் இல்லங்களையும் தாண்டி அதிகம் வரவில்லை.

இங்கிலாந்தில் 1709-இல் இயற்றப்பட்ட சட்டம் மெழுகுவர்த்திக்கு வரி விதித்து, உரிமமின்றி வீட்டில் அதைச் செய்வதையும் தடுத்தது. 1831 வரை நீடித்த அந்த வரி, இருட்டில் உழைக்கும் ஏழையையே மிகுதியாக வருத்தியது. கோரைத் தண்டின் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றைக் கொழுப்பில் தோய்த்துச் செய்யும் கோரை விளக்குக்கு மட்டும் வரிவிலக்கு இருந்தது. செல்போர்ன் ஊரின் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட், 1789-இல் வெளியான தம் நூலில் இதன் கணக்கை ஆர்வத்தோடு பதிவு செய்துள்ளார்: ஒரு பவுண்டு உலர்ந்த கோரைக்கு ஆறு பவுண்டு கொழுப்பு வேண்டும், இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள ஒரு தண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும், கால் பென்னிச் செலவில் ஐந்தரை மணி நேர ஒளி கிடைக்கும். பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பைக்கூட வீணாக்காத பெண்களின் சிக்கனம் அந்தக் கணக்கில் தெரிகிறது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் பேபெரி என்னும் புதரின் சாம்பல் நிறக் காய்களை நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் பச்சை மெழுகை வழித்தெடுத்தனர். அதன் வர்த்தி அணையும்போதும் மணப்பதால், அந்த மணத்துக்காகவே சிலர் வேண்டுமென்று அதை அணைத்ததாக ராபர்ட் பெவர்லி 1705-இல் வெளியிட்ட வர்ஜீனியா வரலாறு கூறுகிறது. வீட்டில் செய்யப்பட்ட மணமெழுகுவர்த்தியின் தொடக்கக் காலச் சான்றுகளுள் இதற்குச் சிறப்பிடம் தர வேண்டும்.

நாற்றத்துக்கு முடிவு கட்டியது வேதியியல். பிரெஞ்சு அறிஞர் செவ்ரல், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் இணைந்த பொருள் என்று நிறுவி, கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். 1825-இல் காம்பசெரெஸ் உருவாக்கிய பின்னல் திரி, நுனி வளைந்து தானே முழுதும் எரிந்துபோனதால் கத்தரிக்கும் வேலையை ஒழித்தது. 1830-இல் லண்டனில் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் இலங்கைத் தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதியிலிருந்து வர்த்திகள் செய்தது. 1850-இல் ஜேம்ஸ் யங் பெற்ற காப்புரிமைக்குப் பின் மலிவான பாரஃபின் மெழுகு பரவியது. இவ்வாறு வாசனையற்ற மெழுகு எளிதில் கிடைத்த பிறகே, விரும்பிய மணத்தை அதில் ஏற்றுவது எவர்க்கும் இயல்வதாயிற்று.

மின்விளக்கு வந்தபின் ஒளிக்கான தேவை மறைய, மணத்துக்கான தேவை வளர்ந்தது. 1990-களில் அமெரிக்காவில் பரவிய சோயா மெழுகு, தனித்து நிற்க இயலாத அளவு மென்மையானது என்பதால் குவளைக்கே பொருந்தியது. குவளையில் தேங்கும் உருகிய மெழுகின் பரந்த மேற்பரப்பிலிருந்து நறுமண எண்ணெய் ஆவியாவதால், மணத்துக்கும் அந்த வடிவமே உகந்தது. ஆனால் உருகிய மெழுகில் திரி சாய்ந்துவிடாதிருக்கச் சில தயாரிப்பாளர்கள் அதனுள் ஈயக் கம்பியை வைத்தனர். எரியும்போது ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளுக்குத் தீங்கு விளைக்கும் என்பதால் அமெரிக்க அரசு 2003-இல் அதைத் தடை செய்தது. இன்று வீட்டில் செய்வோர் பருத்தித் திரியின் அடியில் உலோகத் தகட்டைப் பொருத்திக் குவளையின் அடியில் ஒட்டுவதோடு, குவளையின் அகலத்துக்கேற்பத் திரியின் தடிமனையும் சோதித்துத் தேர்கின்றனர். திரி மெலிந்தால் நடுவில் மட்டும் குழிந்து ஓரத்து மெழுகு எரியாமல் எஞ்சும், தடித்தால் சுடர் உயர்ந்து கண்ணாடியில் கரி படியும்.