ஜகார்த்தாவின் வெள்ள வரைபடங்கள்

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரம் வெள்ளத்துக்குப் பெயர்போனது. தெற்கே போகோர் மலைப்பகுதியில் கொட்டும் மழை, சிலிவுங் முதலிய ஆறுகளின் வழியே நகரத்தைக் கடந்துதான் கடலைச் சேர வேண்டும். நகரின் வடபகுதியில் பெரும்பரப்பு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சுவதால் நிலமும் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகிறது. 1619இல் டச்சுக்காரர்கள் இங்கே பட்டாவியா நகரை நிறுவிய நாள் முதலே கால்வாய் வெட்டும் வேலை ஓயவில்லை. 1918ஆம் ஆண்டு வெள்ளத்தை அடுத்துப் பொறியாளர் ஹெர்மன் வான் பிரேன் வகுத்த திட்டத்தில் உருவான மேற்கு வெள்ளக் கால்வாய் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

கால்வாய்களின் வரலாறு பல நூல்களில் உண்டு. அவ்வளவாகப் பேசப்படாதது, 2012க்குப் பிறகு இந்நகரம் வெள்ளத்தை எதிர்கொள்ளத் தனக்கென வரைபடம் வரைந்துகொண்ட கதை.

2007 பிப்ரவரியில் நகரின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி நீரில் மூழ்கியது. இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அக்காலத்தில் வெள்ளப் பகுதிகளைக் 'கெலுராகான்' என்னும் நிர்வாகப் பிரிவு அளவிலேயே குறித்தனர். ஒரு கெலுராகானில் பல்லாயிரம் பேர் வசிப்பார்கள். அதன் ஒரு மூலையில் தண்ணீர் நின்றாலும் வரைபடத்தில் முழுப்பகுதிக்கும் வண்ணம் பூசப்பட்டுவிடும். மீட்புப் படகை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

இந்தக் குறையைத் தீர்க்கும் கருவி அப்போதே இருந்தது. புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜி.ஐ.எஸ்., 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் தலைமையில் உருவானது. நிலப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுப்போம் அல்லவா? அதுபோல ஆறுகளுக்கு ஓர் அடுக்கு, சாலைகளுக்கு ஓர் அடுக்கு, கட்டடங்களுக்கு ஓர் அடுக்கு எனக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடும் முறை இது. ஆனால் நீண்ட காலம் விலை உயர்ந்த மென்பொருளாகவே இருந்ததால் இது பெரிய அலுவலகங்களைத் தாண்டவில்லை. வரைபடத் தரவும் எளிதில் கிடைக்கவில்லை. 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இந்த நிலையை மாற்றியது. இணையம் வழியே எவரும் திருத்தலாம், எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சுக்கு விவரமான வரைபடம் கிடைக்காத நிலையில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தனர். சில நாட்களிலேயே மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. இது பெரிதும் பாராட்டப்பட்ட நிகழ்வு; பாராட்டு தகும். ஆயினும் அந்த வரைபடம் நிலம் அதிர்ந்த பின்பே பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மேலும், வானிலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். அது பள்ளிக்கூடமா கிடங்கா என்று சொல்லாது.

ஜகார்த்தாவில் வரிசை மாறியது. வெள்ளம் வருமுன்னே, 2012இல், நகரப் பேரிடர் மேலாண்மை அமைப்பு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களோடு சேர்ந்து பணியைத் தொடங்கியது. ஆஸ்திரேலிய அரசும் உலக வங்கியும் துணை நின்றன. நகரின் 267 கெலுராகான்களிலிருந்தும் அலுவலர்கள் பயிலரங்குகளுக்கு அழைக்கப்பட்டனர். இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் கணினியோடு அவர்கள் பக்கத்தில் அமர்ந்தனர். தம் பகுதியின் எல்லை எங்கே, பள்ளி எது, மருத்துவமனை எது, மக்களைத் தங்கவைக்கக்கூடிய மண்டபம் எது என்று அலுவலர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் வரைபடத்தில் ஏற்றினர். ஊரை அறிந்தவருக்குக் கணினி பழக்கமில்லை. கணினி அறிந்தவருக்கு ஊர் தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததுதான் இத்திட்டத்தின் சிறப்பு என்பேன்.

அப்போது வரையப்பட்டவற்றுள் மிகப் பயன்பட்டது 'ருகுன் வர்கா' எல்லைகள். கெலுராகானுக்குள் அடங்கிய அண்டைவீட்டார் அமைப்பு இது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய ஆட்சி புகுத்திய தெருக்குழு முறையில் இதன் வேர் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் அப்பகுதியிலேயே வாழும் தலைவர் ஒருவர் உண்டு. நகரில் இவை 2,600க்கும் மேற்பட்டவை. தலைவருக்குத் தொலைபேசியில் பேசினாலே எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். அந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ள இப்போது வரைபடத்தில் இடம் இருந்தது.

சோதனை விரைவிலேயே வந்தது. 2013 ஜனவரி 17 அன்று மேற்கு வெள்ளக் கால்வாயின் கரை லாத்துஹர்ஹரி என்னுமிடத்தில் உடைந்தது. நகரின் மையமான தம்ரின் சாலையே ஆறாயிற்று. அடுக்குமாடிக் கட்டடமொன்றின் நிலத்தடித் தளத்தில் சிக்கியவர்கள் உயிரிழந்தனர். அந்த நாட்களில் பேரிடர் அமைப்பு ருகுன் வர்கா அளவில் வெள்ள வரைபடங்களை வெளியிட்டது. முன்பு முழுக் கெலுராகானும் நனைந்ததாகத் தெரிந்த இடத்தில், நனைந்தது இரண்டு மூன்று குடியிருப்புகளே என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. கரை உடைவதை வரைபடம் தடுக்கவில்லை. உதவி எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டியது.

இதே தரவை முன்கூட்டித் திட்டமிடவும் பயன்படுத்த 'இனாசேஃப்' என்ற கட்டற்ற மென்பொருள் 2012இல் வெளிவந்தது. வெள்ளம் பரவக்கூடிய பரப்பை ஓர் அடுக்காகவும் மக்களையும் கட்டடங்களையும் மற்றோர் அடுக்காகவும் கொடுத்தால், எத்தனை பேர் பாதிக்கப்படுவர், எந்தப் பள்ளிகளை மூட நேரிடும் என்று அது கணக்கிடும். ஒருவருக்கு வாரத்துக்கு 2.8 கிலோ அரிசி, 17.5 லிட்டர் குடிநீர் என்ற அளவில் தேவைப் பட்டியலும் தரும். கிடங்கில் எத்தனை மூட்டை இருக்க வேண்டும் என்பதை மழைக்கு முன்பே அறிய இது போதும்.

2014 டிசம்பரில் 'பெத்தாஜகார்த்தா' தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் உலங்காங் பல்கலைக்கழகம் உருவாக்கியது இது. 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்ற சொல்லோடு ட்விட்டரில் எழுதியவருக்குத் தானியங்கிப் பதில் போனது. அவர் இடத்தை உறுதிசெய்ததும் வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றியது. இதன் அடிப்படை மென்பொருளான காக்னிசிட்டியைக் கொண்டு 2017 வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையிலும் ரிஸ்க்மேப் என்னும் சோதனை முயற்சி நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களைச் சென்னை மக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது குறித்த அனுபவம் அதற்கு முன்பே இருந்தது.

கைப்பேசி வைத்திருப்பவரின் தெரு இத்தகைய வரைபடத்தில் முதலில் தெரியும். ஆற்றோரக் குடிசையில் வாழும் முதியவரின் தெரு தெரியாமல் போகலாம். தெரிவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலிவுங் ஆற்றை அகலப்படுத்தும் திட்டத்துக்காக 2015 ஆகஸ்டில் கம்பொங் புலோவிலும் 2016இல் புக்கிட் துரியிலும் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே ஆண்டுதோறும் வெள்ளம் வருவது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆபத்தான இடம் என்று குறிக்கப்பட்டால் அங்கே படகு வருமா, இடிக்கும் இயந்திரம் வருமா என்ற அச்சம் அம்மக்களுக்கு இயல்பானது. வரைபடம் வரைவோர் இதை அவர்களோடு பேசியே தீர வேண்டும்.

2020 புத்தாண்டு நாளில் நகரின் ஹலிம் நிலையத்தில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர் மழை பதிவானது. தலைநகர் வட்டாரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெத்தாஜகார்த்தாவின் வழிவந்த 'பெத்தாபென்சானா' தளத்தில் அன்று மக்களின் வெள்ள அறிக்கைகள் குவிந்தன. தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பார்த்து, போகும் வழியைப் பலர் மாற்றிக்கொண்டனர்.