படகுக்கு மேலே தளம் போடலாமா?

கடலே இல்லாத தேனி மாவட்டத்துக்காரன் படகைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! எங்களுக்கு 1959-ல் திறந்த வைகை அணை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடி ஏரி இருக்கிறது. 1895 முதல் அந்தத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக வந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைய வைக்கிறது.

முதலில் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அதே அலுமினியத் தகட்டில் சிறு ஓடங்கள் செய்யத் தொடங்கியது. பிறகு அங்கே அலுமினியப் படகுகள் பெருகின. நின்றபடி தூண்டில் போட வசதியாக அவற்றில் பலகைத் தளம், உயர இருக்கை எல்லாம் பொருத்திக்கொள்வார்கள்.

நம்ம ஊரில்? பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சைக் கூடை போலப் பின்னி மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசலும் உண்டு. பொருள்தான் மாறியது; அகலமான தட்டை அடி மாறவில்லை. ஆட்களும் தாழ்வாகத்தான் உட்காருகிறார்கள்.

கடற்கரையில் மாற்றம் இன்னும் பெரிது. கட்டுமரத்தின் இடுக்கில் தண்ணீர் புகுந்து வெளியேறும், அதனால் மூழ்காது. அவிழ்த்துக் காய வைத்து மறுபடி கட்டலாம். ஏற்ற மரம் அரிதாகவே, 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டினார்கள். மோட்டாரும் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் குவிந்தன. வேகமும் தூரமும் கூடின. ஆனால் கயிறு கட்டத் தெரிந்தால் போதும் என்றிருந்த தொழிலில் எண்ணெய்ச் செலவும் மெக்கானிக் கூலியும் சேர்ந்துகொண்டன.

இன்னொரு விலையும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அது மீன்பிடிப் படகு அல்ல. ஆனால் கணக்கு ஒன்றுதான். பாரம் மேலே ஏற ஏற, படகு சாய்ந்தால் நிமிர்வது கஷ்டம்.

ஆகவே படகை மாற்றுங்கள், தப்பில்லை. பாரத்தை மட்டும் கீழே வையுங்கள். பரிசல்காரர் "எந்திரிக்காதீங்க, உட்காருங்க" என்று அதட்டும்போது கோபப்படாதீர்கள். அவர் சொல்வது இயற்பியல்!