கர்லாக்கட்டை சுற்றிய உலகம்

வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும் நம் நாளிதழ்களில் தவறாமல் வரும் சொல் ‘தேர்தல் கோதா’. கோதா என்பது குஸ்தி போடும் மண்களம். மண்ணைத் தோண்டிக் கிளறி, சலித்து, எண்ணெய் சேர்த்து மெத்தென்று வைத்திருப்பார்கள். காலை உள்ளே வைக்கும் முன் பயில்வான் குனிந்து அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வார். அரசியலுக்குச் சொல் கொடுத்த அந்தக் கோதாவின் ஓரத்தில், சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு மரக்கட்டை இருக்கிறது. கர்லாக்கட்டை. அது போன தூரத்தைப் பார்த்தால், உடம்பை முறுக்கேற்றுவதற்கும் அரசியலுக்கும் உள்ள உறவு ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை என்பது புரியும்.

முதலில் கட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வயிரம் பாய்ந்த மரத்தைக் கடைசலில் கொடுத்துச் செய்தது. பிடி ஒல்லியாக இருக்கும், அடி பருத்திருக்கும், கை நழுவாமலிருக்க நுனியில் ஒரு குமிழ். தம்புள்ஸின் எடை உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிடும். கர்லாவின் எடையோ கையைவிட்டுத் தள்ளி, அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் நான்கு கிலோ கட்டைகூடச் சுழலும்போது பலமடங்காகக் கனக்கும். தோளுக்கு மேல் நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை உயர்த்திப் பின்னால் விட்டால், அது முதுகை ஒட்டி ஊசலாடி மறுதோள் வழியாக முன்னே வரும். பாதி வட்டம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. மணிக்கட்டு ஒரு கணம் தளர்ந்தால் காதோரம் அடி விழும். ஆகவே இதில் முரட்டு பலம் எடுபடாது. மூச்சு, கால் வைப்பு, நிதானம் மூன்றும் படிந்த பிறகுதான் எடை.

வடக்கே இதற்கு முத்கர் என்று பெயர். பஞ்சாபில் ஜோரி, வங்கத்தில் முகுர், ஈரானில் மீல். மல்லர்களும் சிப்பாய்களும் சுற்றிய இந்தக் கட்டையை வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் இங்கே கண்டு, வியந்து, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். டொனால்ட் வாக்கர் 1834-ல் லண்டனில் வெளியிட்ட ஆண்களுக்கான தேகப்பயிற்சி நூலில் ‘இந்தியன் கிளப்’ இடம்பிடித்தது. மறு ஆண்டே பெண்களுக்கான அவருடைய நூலில் அதன் இலேசான வடிவம் ‘இந்தியச் செங்கோல்’ என்ற பெயரில் வந்தது. நம் கோதாவின் கட்டை சீமை வீட்டுக் கூடத்தில் செங்கோலாகிவிட்டது. தாங்கள் ஆண்ட நாட்டின் பொருளை எடுத்து, ஆள்வதற்கேற்ற உடம்பைச் செய்துகொண்டார்கள்.

அங்கிருந்து அமெரிக்கா. சைமன் கெஹோ என்பவர் இங்கிலாந்தில் இந்தக் கட்டையைப் பார்த்து மயங்கி, நியூயார்க்கில் தயாரித்து விற்றார். 1866-ல் அதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார். அமெரிக்காவில் அதை ஆர்வத்தோடு கையில் எடுத்தவர்களில் ‘டர்னர்’ எனப்பட்ட ஜெர்மானியக் குடியேறிகள் முக்கியமானவர்கள். அவர்களுடைய கதையே ஒரு தனி அரசியல் பாடம்.

நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றுச் சிறுமைப்பட்ட காலத்தில், 1811-ல் பெர்லினில் ஃபிரீட்ரிக் லூட்விக் யான் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் ஒன்றைத் தொடங்கினார். இளைஞர்களைத் தேசத்துக்காகத் திடப்படுத்துவது அவர் நோக்கம். அவர் பேச்சில் பிரெஞ்சுக்காரர் மீதும் யூதர் மீதும் வெறுப்பு நிறையவே இருந்தது. இளைஞர்கள் கூட்டமாகச் சேர்வதைக் கண்டு அரசு அஞ்சியது. அவர் சிறைப்பட்டார், களங்களுக்குத் தடை வந்தது. ஆனால் அதே இயக்கத்தில் வளர்ந்த பலர் 1848 புரட்சியில் ஜனநாயகம் கேட்டுப் போராடினார்கள். புரட்சி தோற்றதும் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே அடிமைமுறையை எதிர்த்தார்கள். 1861-ல் ஆபிரகாம் லிங்கன் முதல்முறை பதவியேற்றபோது அவருக்குக் காவல் நின்றவர்களில் டர்னர்களும் இருந்தார்கள். உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கில் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். ஒரே பயிற்சிக் களத்தின் வழிவந்தவர்கள்தான். ஒரு தலைமுறை அந்நியனை வெறுக்கக் கற்றது. இன்னொரு தலைமுறை அடிமைப்பட்டவனுக்காகத் துப்பாக்கி ஏந்தியது.

1904-ல் செயின்ட் லூயி ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. தங்கம் வென்ற எட்வர்ட் ஹென்னிக், கிளீவ்லாந்து டர்னர் சங்கத்துக்காரர். 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி நடந்தபோது வென்றவர் ஜார்ஜ் ராத். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் இருந்தவர். பல்லாயிரம் பேர் கைதட்டத் தங்கப் பதக்கம் வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வந்து, சாலையில் போகிற வண்டியை மறித்து ஏறி வீடு போனார் என்று சொல்வார்கள். உடம்பு உலகிலேயே முதல் என்று தீர்ப்பாகிவிட்டது, வயிற்றுக்கு வழியில்லை. அந்த ஆண்டின் அமெரிக்க அரசியல் முழுவதும் அந்த வாசலில் நிற்கிறது.

இதே காலத்தில் கட்டை பிறந்த மண்ணில் என்ன நடந்தது? வங்காளிகள் நோஞ்சான்கள், ஆளப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் என்கிற ஏளனத்தை மெக்காலே போன்றவர்கள் எழுத்திலேயே பதித்திருந்தார்கள். அந்த அவமானம் உறுத்திக்கொண்டே இருந்தது. விவேகானந்தர் 1897-ல் நம் சென்னையில் பேசியபோது, இளைஞர்கள் முதலில் பலசாலிகளாக வேண்டும், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது அவர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்ற பொருளில் சொன்னார். 1902-ல் கல்கத்தாவில் தொடங்கிய அனுசீலன் சமிதி வெளியே தேகப்பயிற்சிச் சங்கம். உள்ளே புரட்சியாளர்களின் பாசறை. தண்டாலும் கம்பும் குஸ்தியும் பழகிய கைகள் பிறகு வெடிகுண்டு செய்தன. அந்த வட்டாரத்தோடு கல்கத்தாவில் மருத்துவம் படித்தபோது தொடர்பிலிருந்தவர் ஹெட்கேவார். 1925-ல் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். அமைப்பைத் தொடங்கினார். அங்கே தினசரி ஷாகாவில் தேகப்பயிற்சி ஒரு தூண். அனுசீலனின் வேறு பலர் சிறையில் மார்க்ஸைப் படித்துக் கம்யூனிஸ்டுகளானார்கள். ஒரே வேரிலிருந்து வலமும் இடமும் கிளைத்தன.

வங்கத்து மனோகர் ஐச் நாலடி பதினோரு அங்குல உயரம். விமானப்படையில் இருந்தபோது இந்தியரை இழிவாகப் பேசிய வெள்ளை அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். சிறையில் நாள் முழுக்கப் பயிற்சி செய்தே உடம்பை வளர்த்தார். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவின் பட்டம் அவருக்கு வந்தது. அந்தத் தசை ஒவ்வொன்றும் ஓர் ஏளனத்துக்குச் சொன்ன பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டையின் கதையில் என்னை மிகவும் உலுக்குவது தெஹ்ரான். ஈரானில் மீல் சுற்றும் இடத்துக்குச் சூர்கானே என்று பெயர். வலிமையின் வீடு என்று பொருள். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழிக்குள் பயிற்சி நடக்கும். வாசல் தாழ்வாக இருக்கும்; எத்தனை பெரிய பயில்வானும் தலைகுனிந்துதான் நுழைய வேண்டும். அந்த வாசல் வழியாக வந்த இருவர் ஷாபான் ஜஃபாரியும் கோலாம்ரெசா தக்தியும். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் மொசாதேக்கை 1953-ல் கவிழ்த்தபோது, மன்னருக்காகத் தெருவில் இறங்கிய அடியாட்களில் ஜஃபாரியின் பெயர் முன்னால் வருகிறது. பரிசாக அவருக்கு ஆடம்பரமான சூர்கானே கிடைத்தது. தக்தி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்றவர். மொசாதேக்கின் தேசிய முன்னணியோடு நின்றவர். 1962-ல் பூயின் சஹ்ரா நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அவர் தெஹ்ரான் தெருக்களில் நடந்தே போய் நிவாரணம் திரட்டினார். அவரை நம்பி மக்கள் பணமும் போர்வையும் கொண்டுவந்து கொட்டினார்கள். 1968-ல் அவர் இறந்தபோது ஊரே அழுதது. இருவரும் தூக்கியது ஒரே கட்டை. ஒருவர் கை பிறரை அடிக்க ஓங்கியது. மற்றவர் கை பிறருக்காக நீண்டது.

வலுவான உடம்பு மனிதனை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அர்ஜென்டினா, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஆண்களின் மேலுடல் வலிமையையும் செல்வப் பகிர்வு பற்றிய கருத்தையும் ஒப்பிட்டார்கள். வலுவுள்ள வசதிக்காரர் பகிர்வை அதிகம் எதிர்த்தார். வலுவுள்ள ஏழை அதிகம் கேட்டார். பெண்களிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. அதாவது தசை ஒருவருக்குக் கட்சி தருவதில்லை, தன் நலனை உரக்கக் கேட்கும் துணிச்சலைத் தருகிறது. அந்தத் துணிச்சல் தன்னோடு நிற்குமா, அடுத்தவரையும் தாங்குமா என்பதைச் சொல்லிக்கொடுக்கும் இடம் பயிற்சிக்கூடம்.

இன்று கர்லா சுற்றுகிறவர்கள் குறைந்துவிட்டாலும் கட்டை சாகவில்லை. தாள ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் வீசிப் பிடிக்கும் சின்னஞ்சிறு கிளப்புகள் இதன் பேத்திகள். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இளைஞர்கள் மறுபடி கர்லா எடுக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. அவர்களுக்குச் சுற்றக் கற்றுத்தரும் வாத்தியார்கள் இந்தக் கதைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுதியான தோளைத் தேடி யாராவது ஒருவர் எப்போதும் வருவார். யாரை அடிக்கலாம் என்று காட்டுகிறவராகவும் அவர் இருக்கலாம், யாரைத் தூக்கிவிடலாம் என்று காட்டுகிறவராகவும் இருக்கலாம்.

கோதா என்ற சொல்லை அரசியல் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. இறங்கும் முன் குனிந்து மண்ணைத் தொடுவதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.