எலி பாஷாணமும் ஜனாதிபதியும்

1933 பிப்ரவரியில், கொட்டும் பனியில், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர் மாடிஸன் நகரத்துச் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு செத்த கிடேரி, கெட்டுப்போன க்ளோவர் புல், பால் கேனில் உறையாத ரத்தம். அந்தப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் ஒழுகியே செத்தன. ரஸாயனப் பேராசிரியர் கார்ல் லிங்கினால், அந்தப் புல்லைப் போடவேண்டாம் என்பதற்குமேல் அதிகம் சொல்ல முடியவில்லை. பாவம், மனிதர் அந்தப் பனியிலேயே திரும்பிப் போனார்.

விஷத்தைப் பிரித்தெடுக்க 1939 ஆகிவிட்டது. அதன் தங்கை என்று சொல்லத்தக்க வார்ஃபரின், 1948-ல் எலி பாஷாணமாகக் கடைக்கு வந்தது. வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்து ரத்தத்தை உறையவிடாமல் செய்வது அதன் குணம். 1955-ல் மாரடைப்பு கண்ட ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கும் அதையே கொடுத்தார்கள். எலிக்கு வைக்கிற கணக்கில் அல்ல! இன்றும் அதைச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி ரத்தத்தைச் சோதித்து, அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள்.