ஐம்பது டாலர் படகு

கடன்பட்டவன் வீடு வெள்ளத்தில் போனால் கடனும் கூடவே போய்விடுமா? எந்த லேவாதேவிக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். ஆனால், கப்பல் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிற்று.

1967-ஆம் வருஷம் மார்ச் 18-ஆம் தேதி, 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல், கார்ன்வால் கரைக்கும் ஸில்லித் தீவுகளுக்கும் நடுவே பாறையில் மோதிற்று. உள்ளே இருந்தது குவைத்திலிருந்து ஏற்றிய கச்சா எண்ணெய், சுமார் 1,19,000 டன். பாதிக்கு மேல் கடலில் கலந்தது. மிச்சத்தைக் கொளுத்திவிட பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. அப்படியும் கார்ன்வால் கரை கறுத்தது. அப்பால் பிரான்ஸின் பிரிட்டனிக் கரையும் கறுத்தது. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மாண்டன.

நஷ்டத்தை யாரிடம் கேட்பது? கப்பலின் கொடி லைபீரியாவுடையது. சொந்தக்காரக் கம்பெனி பெர்முடாவைச் சேர்ந்தது. குத்தகைக்கு எடுத்தது கலிபோர்னியாவின் யூனியன் ஆயில். காப்டன் இத்தாலியர். எந்தக் கதவைத் தட்டுவது, சொல்லுங்கள்!

சொந்தக்காரர்கள் அமெரிக்காவின் 1851-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டினார்கள். தவறு தன் அறிவுக்கு எட்டாமல் நடந்திருந்தால், விபத்துக்குப் பிறகு கப்பல் என்ன பெறுமோ அதோடு அந்தப் பயணத்தின் கூலியையும் சேர்த்து முதலாளி கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம். கப்பலில் தேறியது ஒரே ஓர் உயிர்காப்புப் படகு. அதன் மதிப்பு 50 டாலர்! கப்பல் எவ்வளவுக்கு எவ்வளவு நாசமாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு முதலாளிக்கு லாபம்.

பிரிட்டிஷ் சர்க்கார் வேறு வழி தேடிற்று. அதே கம்பெனிக்கு 'லேக் பாலூர்ட்' என்ற இன்னொரு கப்பல் உண்டு. 1967 ஜூலையில் அது சிங்கப்பூருக்கு வந்தபோது, ஒரு வக்கீல் மேலே ஏறிப் பாய்மரத்தில் சம்மனை ஒட்டிவிட்டார். விஸ்கி விற்க வந்தவர் என்று எண்ணி அவரை ஏறவிட்டார்களாம்! 30 லட்சம் பவுன் ஜாமீன் கட்டிய பிறகே கப்பல் நகர்ந்தது. மறு வருஷம் ராட்டர்டாமில் பிரெஞ்சுக்காரர்களும் அதையே பிடித்தார்கள். 1969 நவம்பரில் இரு நாடுகளுக்குமாக 30 லட்சம் பவுனில் ராஜி ஆயிற்று.

அந்த ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வராமலே இருந்திருந்தால்?

இந்தக் கேள்விதான் உலகை உறுத்திற்று. அதே மாதம் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. குற்றத்தை நிரூபிக்க வேண்டாம். எண்ணெய் சிந்தினால் முதலாளி பொறுப்பு. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். நஷ்டப்பட்டவன் நேரே இன்ஷூரன்ஸ்காரனையே கேட்கலாம். போதாததற்கு ஈடுகட்ட, எண்ணெய் வாங்குவோர் பணத்தில் ஒரு நிதி வைக்க 1971-இல் இன்னோர் ஒப்பந்தமும் வந்தது.

இந்தப் பொறுப்புக்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது கப்பலின் கொள்ளளவைப் பொறுத்தது. மிஞ்சிய படகின் விலையைப் பொறுத்ததல்ல. வலை கறுத்துப்போன மீனவன் இனி எந்தத் துறைமுகத்திலும் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.